மூடியை முன்வைத்து: காலிப் பாட்டில்களின் மறுபிறப்பு குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

நம் வீடுகளில் எது தீர்ந்தாலும் அது வந்த பாட்டில் தீர்வதில்லை. ஊறுகாய் தீரும், ஜாம் தீரும், காபித்தூள் தீரும். அவற்றைச் சுமந்து வந்த சிறு கண்ணாடிப் பாட்டில்கள் மட்டும் கழுவிக் கவிழ்க்கப்பட்டு, துடைத்து வைக்கப்பட்டு, மெல்ல மெல்ல வீட்டின் நிரந்தரக் குடிகளாகிவிடும். பழைய பேப்பர்க்காரரிடம் நீட்டினால், "இதெல்லாம் போகாதுங்க" என்று கையை உதறுவார். அந்தக் காலத்தில் இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தவர்கள்கூட ஜாம் பாட்டிலுக்கு ஒரு பழம் கொடுத்ததாகச் செவிவழிச் செய்தியும் இல்லை. வெளியேற வழியில்லாத இந்தக் குடிகளின் மறுவாழ்வை முறைப்படி ஆராய வேண்டும் என்ற நோக்கிலேயே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக் களம்: எங்கள் வீட்டு அடுக்களையின் மேல்தட்டு. ஆய்வுக் காலம்: ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட பொழுது. ஆய்வுக் கருவிகள்: ஒரு முக்காலி, ஒரு பழந்துணி. நெறியாளர்: அம்மா.

கருதுகோள்: காலிப் பாட்டிலின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது பாட்டில் அன்று, மூடி.

இயல் 1: சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டில் பாட்டில், இலங்கையில் போத்தல், தாத்தா காலத்தில் சீசா, மருந்து என்றால் குப்பி, பாடநூலில் மட்டும் குடுவை. ஜாடி என்பதை இங்கே சேர்க்கலாகாது. அது பீங்கான் குலம், ஆவக்காய்க்கென்றே பிறந்தது, துணி கட்டிய வாயோடு தனியாக வாழ்வது.

இலக்கணத்தில் தானியாகுபெயர் என்று ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் பொருளின் பெயர் அதைத் தாங்கும் பாத்திரத்துக்கு ஆகி வருவது. "பாலை இறக்கு" என்றால் பால் இருக்கும் பாத்திரத்தை இறக்கு என்று பொருள். இந்த விதி எங்கள் அடுக்களையில் தடுமாறுகிறது. "அந்த ஹார்லிக்ஸை எடு" என்று அம்மா சொன்னால் கையில் வருவது வெந்தயம். அதில் ஹார்லிக்ஸ் கடைசியாக இருந்தபோது நான் ஆறாம் வகுப்பு. வில்லியம், ஜேம்ஸ் என்ற ஹார்லிக் சகோதரர்கள் 1873இல் அமெரிக்காவில் கம்பெனி தொடங்கியபோது, தங்கள் குடும்பப் பெயர் பிற்காலத்தில் வெந்தயத்துக்கு ஆகி வரும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். தானி போய்விட்டது, பெயர் நிற்கிறது. இதை 'முன்னாள் தானியாகுபெயர்' என்று தனி வகையாக ஏற்குமாறு இலக்கண ஆசிரியர்களை இவ்வாய்வு கேட்டுக்கொள்கிறது.

இயல் 2: வரலாற்றுப் பின்னணி

பிரான்சு நாட்டு மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, தக்கை இறுக்கி, வெந்நீரில் கொதிக்க வைத்தால் கெடாது என்று காட்டி, 1810இல் அந்நாட்டு அரசிடம் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. கிருமிகளின் வேலையைப் பாஸ்டர் விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. ஆனால் ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது: தக்கை தளர்ந்தால் எல்லாம் போயிற்று. அடுத்து, 1858 நவம்பர் 30 அன்று அமெரிக்கத் தகரத் தொழிலாளி ஜான் லாண்டிஸ் மேசன், பாட்டில் கழுத்தில் திருகுமரை வைத்து மூடியைத் திருகி அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பாட்டிலின் வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் மூடியின் வரலாறே என்பது இதனால் பெறப்படும்.

இயல் 3: களச் சோதனைகள்

சோதனை ஒன்று, திறத்தல். புதிய ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று திறக்க மறுத்தது. ஆய்வாளர் அதைத் தலைகீழாகப் பிடித்து அடுப்பு மேடையில் தட்டத் தொடங்கினார்.

"ஏன்டா அதைப் போட்டு அந்தத் தட்டு தட்டுற? மூடிய மட்டும் சுடுதண்ணியில காட்டு."

காட்டினார். எண்ணிப் பத்து நொடி. துணி சுற்றித் திருகினால் 'டப்'. காரணம் இது. ஒரு டிகிரி சூடேறினால் இரும்புத் தகடு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். கண்ணாடி 9 பங்குதான் விரியும். அதிலும் மூடிக்கே சூடு முதலில் போகிறது. மயிரிழையளவு இடைவெளி விழுந்தால் போதும். வெளிக்காற்று உள்ளே புகுந்து, வெற்றிடத்தின் பிடி விடும். நெறியாளர் இயற்பியல் படித்தவர் அல்லர்.

சோதனை இரண்டு, வாசனை. எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிச் சர்க்கரை கொட்டி வைத்தோம். நான்காம் நாள் காபியில் ஊறுகாய் மணந்தது. பழியைப் பாட்டில் மேல் போடுவது தவறு. மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உருகிப் பிறந்த கண்ணாடி எந்த வாசத்தையும் உள்வாங்காது. குற்றவாளி, மூடியின் உட்புறம் ஓடும் ரப்பர் போன்ற அந்த மெல்லிய வளையம். எண்ணெயையும் காரத்தையும் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் இருப்பது அதுதான். சமையல் சோடா கரைத்த நீரில் மூடியை ஓர் இரவு ஊறவைத்து, இரண்டு நாள் வெயிலில் மல்லாத்திப் போட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் அந்த மூடிக்கு உணவு உலகில் இடமில்லை.

இயல் 4: வகைப்பாடு

மேற்கண்ட சோதனைகளின் அடிப்படையில் பாட்டில்கள் நால்வகைப்படும்.

உத்தமம்: மூடி இறுகும், வாசமும் இல்லை. இவை இஞ்சி பூண்டு விழுது, பருப்புப் பொடி, நெய், கட்டிப் பெருங்காயம் ஆகியவற்றுக்கு உரியவை. உப்பு மட்டும் கூடாது. தகர மூடியில் சிறு கீறல் இருந்தாலும் உப்பு அந்த வழியே துரு ஏற்றிவிடும்; உப்புக்குப் பிளாஸ்டிக் மூடியே கதி. கொதிக்கும் ரசத்தையும் இவற்றில் ஊற்றலாகாது. உட்புறம் சட்டென விரிய, வெளிப்புறம் குளிர்ந்தபடியே நிற்க, அடிப்பாகம் வட்டமாக விட்டுப் போகும். அடித்தட்டு கையிலும் ரசம் காலிலுமாக ஆய்வாளர் இதை ஒருமுறை நேரில் கண்டிருக்கிறார்.

மத்திமம்: மூடி இறுகும், வாசம் போகாது. பொத்தான், ஊக்கு, நூல்கண்டு, அப்பாவின் ஸ்க்ரூ, வாஷர் முதலிய 'என்றைக்காவது உதவும்' இனங்கள் இங்கே குடியேறும். மர அலமாரித் தட்டின் அடிப்பக்கத்தில் மூடியைக் கவிழ்த்து வைத்து அடித்துவிட்டால், பாட்டிலைக் கீழிருந்து திருகித் தொங்கவிடலாம். இங்கே பாட்டிலைத் தாங்குவது மூடி என்பதைக் கவனிக்க. ஒரு ஸ்க்ரூ போட்டால் பாட்டிலோடு மூடியும் சுற்றும். இரண்டு போட வேண்டும்.

அதமம்: மூடி நசுங்கியது, அல்லது மரை தேய்ந்தது. ஓரளவு பிடித்து நின்றால், அதில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, தோசை மேல் பொடி தூவும் கருவியாக்கலாம். தூவும் வேகத்தில் மூடியே தோசை மேல் விழுந்தால் அது அடுத்த வகையைச் சேரும்.

மூடியிலி: மூடியை முற்றும் துறந்தது. இதற்குத் திண்ணையும் ஜன்னலோரமுமே புகலிடம். தொழில், மணி பிளான்ட் வளர்ப்பு. துறவிக்கும் விதி உண்டு. திறந்த வாயில் தேங்கிய நல்ல தண்ணீர் என்றால் ஏடிஸ் கொசுவுக்கு அது பிரசவ ஆஸ்பத்திரி. முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் மட்டும் போதாது, உட்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். டெங்குக் காலத்தில் வீடு வீடாக வரும் பணியாளர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது இந்தத் துறவியின் வாயைத்தான்.

இயல் 5: அயலகச் சான்று

இந்த இயலில் விளையாட்டுக்கு இடமில்லை. இலங்கையில் மின்சாரம் எட்டாத வீடுகளில், காலிப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி செருகிய குப்பி விளக்கு எரிந்தது. தட்டுப்பட்டுச் சாய்ந்தால் திரி கழன்று, எண்ணெய் கொட்டி, உடம்பில் தீப்பற்றும். அப்படி வெந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, காயத்தோடு நிற்காமல் விளக்கை ஆராய்ந்தார். ரொட்டியில் தடவும் மார்மைட் வந்த குட்டையான, கனமான போத்தல் அவருக்கு வழிகாட்டியது. 1990களில் அவர் உருவாக்கிய சுதீபா விளக்கு எளிதில் சாயாது. சாய்ந்தாலும் இரு பக்கம் தட்டையாக இருப்பதால் உருளாது. திருகி மூடும் உலோக மூடி திரியைப் பிடித்துக்கொள்வதால் எண்ணெய் கொட்டாது. 1998இல் ரோலெக்ஸ் விருது அதற்குக் கிடைத்தது. நம் கருதுகோளை ஒருவர் உயிர் காக்கும் அளவுக்கு முன்பே நிறுவிவிட்டார். கையில் கிடைத்த பாட்டிலில் விளக்குச் செய்யும் ஆசை உள்ளவர்கள் இந்த இயலை இருமுறை படிக்க.

முடிவுரை

மேல்தட்டிலிருந்து இறக்கியவை: பாட்டில் பதினொன்று, மூடி பதினான்கு. ஒன்றோடொன்று பொருந்தியவை ஐந்து. எஞ்சிய ஆறு பாட்டில்களுக்கும் ஒன்பது மூடிகளுக்கும் பொருத்தம் பார்த்ததில் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வாய்மொழித் தேர்வில் நெறியாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எல்லாம் மூடியோடதானே வந்துச்சு, அந்த மூடியெல்லாம் எங்க போச்சு?" ஆய்வாளர் விடையளிக்கவில்லை. பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மேல்தட்டில் 63 மில்லிமீட்டர் அகலத்தில், வாசமில்லாத மூடி எதுவும் துணையின்றிக் கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். என்னிடம் பாட்டில் இருக்கிறது.