காஞ்சனைக்கு ஏது கொலுசு?

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943-ல் வந்த பேய்க்கதை. 2002-ல் அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியதிலிருந்து அந்தப் பேயும் பொதுச்சொத்து. ஒரு மைக்கும், எதிரொலி அடக்க ஒரு போர்வையும் இருந்தால் யாரும் ஒலி நாடகம் போடலாம். போடுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கதையில் பயம் மூக்கு வழியாக வருகிறது. நடுராத்திரியில் பிணம் எரிகிற நாற்றம், அப்புறம் ஊதுவத்தி மணம். இயர்போனில் வாடை வருமா? ஆகவே ‘ஜல் ஜல்’ சேர்க்கிறார்கள், கதவு எண்ணெய் காணாமல் அலறுகிறது, நரி ஊளையிடுகிறது. ஊருக்குள் நரி ஏது என்றெல்லாம் கேட்கப்படாது. கொட்டாங்கச்சியைத் தட்டிக் குதிரை ஓட்டிய வானொலிக்காரர்களுக்கு எங்கே சும்மா இருக்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. இன்று இரண்டு விநாடி மௌனம் விட்டால் நெட் போச்சு என்று தி. நகர் பஸ்ஸில் போனைத் தட்டுகிறார்கள்.

ஒரு நாடகத்தில், கதைசொல்லியின் மனைவி குரல்வளையில் ரத்தத் துளி தெரிகிற கட்டம். சட்டென்று விளம்பரம்: செங்கல்பட்டு தாண்டி, ‘சென்னைக்கு மிக அருகில்’ வீட்டுமனை. சதுர அடி விலையைச் சொன்னார்கள் பாருங்கள், அப்போதுதான் உடம்பு நடுங்கியது.