சர்க்கரை குறைந்தால் பஞ்சாமிர்தம்

ஐம்பதைத் தாண்டிய மனிதனுக்கு, அதுநாள்வரை தன் சுயார்ஜிதம் என்று அவன் நம்பிக்கொண்டிருந்த வயிறானது, திடீரென்று அவிபக்த குடும்பத்தின் பொதுச் சொத்தாகிவிடுகிறது. அதை எதைக்கொண்டு நிரப்பலாம், எப்போது நிரப்பலாம், எந்த அளவோடு நிறுத்தலாம் என்பனவற்றைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லும் பாத்தியதை மனைவிக்கு உண்டு, மகளுக்கு உண்டு, மாமியாருக்கும் மைத்துனனுக்கும் உண்டு, எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தாருக்குக்கூட ஓரளவு உண்டு. அதைச் சுமந்துகொண்டு திரிகிறவனுக்கு மாத்திரம் கிடையாது.

என் விஷயத்தில் இந்தச் சொத்து மாற்றம் இரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்றின் வாயிலாக நடந்தேறியது. பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பாகற்காய்ச் சாறும் அரைப்பட்டினியுமாக இருந்து நல்ல பெயர் வாங்கிவிடுவது, சர்க்கரை நோயாளிகளுக்குள் வழிவழியாக வந்த யுக்தி. இப்போது மூன்று மாதச் சராசரி என்று ஒரு பரிசோதனை வந்து அந்த யுக்தியின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டது. இரத்தத்தின் சிவப்பணு ஒன்றுக்கு ஆயுள் சுமார் 120 நாள். தன்மேல் ஒட்டிய சர்க்கரையை அது ஆயுள் முடியும்வரை உதறுவதில்லையாதலால், தீபாவளிக்குத் தின்ற ஜாங்கிரிக்குத் தை மாதத்தில் வந்து சாட்சி சொல்லுகிறது. அந்தச் சராசரி 6.5 சதவிகிதத்தை எட்டினாலே நீரிழிவு என்பது வைத்திய சாஸ்திரம் வகுத்திருக்கும் எல்லை. நானோ அந்த எல்லையைக் கடந்து வெகுதூரம் போயிருந்தேன்.

சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் மாத்திரை எழுதினார். இரத்தக் கொதிப்பும் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லி உப்பையும் குறைக்கச் சொன்னார். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் மகள், அங்கிருந்தபடியே தொலைபேசியில் என் அரிசியை நிறுத்தினாள். என் மனைவியோ, இவ்விருவருடைய முயற்சியிலும் பூரண விசுவாசம் வைக்காதவளாய், பதினோரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி படத்துக்கு முன்னால் வைத்து, "முருகா, இவருக்குச் சர்க்கரை இறங்கட்டும், பழனிக்கு வந்து உனக்குப் பஞ்சாமிர்த அபிஷேகம் செய்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். இந்தப் பிரார்த்தனையில் ஏதோ ஒரு முரண்பாடு இருப்பதாகத் தோன்றுகிறதென்று நான் பணிவோடு தெரிவித்தபோது, "பின்னே என்னங்க, பழனியாண்டவருக்குப் பாகற்காய் அபிஷேகமா செய்வாங்க?" என்று கேட்டாள். தர்க்க சாஸ்திரத்தில் இதற்குப் பதில் இல்லை.

அன்று முதல் வீட்டில் சிறுதானிய ராஜ்யம் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் சபையே 2023-ஐச் சிறுதானிய ஆண்டென்று பிரகடனம் செய்த பிற்பாடு, ஒரு தனி மனிதன் சாமைச் சோற்றையும் குதிரைவாலிப் பொங்கலையும் எதிர்த்து நின்று என்ன சாதித்துவிட முடியும்? அந்நாளில் கும்பாபிஷேகத்தின்போது கோபுரக் கலசத்துக்குள் வரகைக் கொட்டி, மூடி, எவர் கைக்கும் எட்டாத அத்தனை உயரத்தில் கொண்டுபோய் வைத்தார்களே, அதற்குப் பஞ்ச காலத்து விதை என்றும், இடி தாங்கி என்றும் பலர் பல காரணம் கூறுவதுண்டு. வரகு உப்புமாவை விடாமல் தின்று பார்த்த பிறகு எனக்கு வேறொரு காரணம் புலப்பட்டது. மாமியார் காதில் விழும்படி அதைச் சொல்லவில்லை.

அடுத்த சராசரி இறங்கி வந்தது. மாத்திரையின் குணம் என்றார் டாக்டர். வரகின் குணம் என்றாள் மகள். மனைவி ஒன்றும் சொல்லாமல் மஞ்சள் முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விடியற்காலையில் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்த கால்கள் இரண்டும் என்னுடையவை என்பது எவருடைய ஞாபகத்துக்கும் வரவில்லை. பழனிக்கு வேன் பேசியாயிற்று.

யாத்திரை மார்க்கத்தை வகுத்தவன் என் மைத்துனன். சென்னையிலிருந்து பழனிக்குப் போகிறவன் விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் என்று போவான் என்பது தேசப்படம் கூறும் சேதி. ஆனால் குடும்ப சமேதனாய் வேனில் ஏறும் தமிழனுக்குத் தேசப்படத்தோடு சம்பந்தமில்லாத பூகோளம் ஒன்று உண்டு. அதன்படி காஞ்சீபுரம் வழியில்தான் இருக்கிறது, கும்பகோணமும் வழியில்தான் இருக்கிறது, அழகர்கோவிலும் அப்படியே. "இவ்வளவு தூரம் வந்துட்டுப் பார்க்காமப் போறதா, அத்தான்?" என்ற கேள்விக்கு முன்னால் எந்த டீசல் கணக்கும் நின்று பேசாது.

காஞ்சியில் வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால், கோவில் இட்லி. மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் மணக்க ஆவியிலே வெந்து, ஒரு முழத் தடிபோல எழுந்து நிற்கும் அந்த மகா இட்லியிலிருந்து அறுத்தெடுத்த துண்டம் ஒன்று என் உள்ளங்கைக்கு வந்தபோது, வேனுக்குள்ளேயே நீதிமன்றம் கூடியது. அரிசி என்பது வாதி தரப்பு. ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை, சுக்கும் மிளகும் ஔஷதம் என்பது பிரதிவாதி தரப்பு. "பிரசாதத்தில் அரிசி என்ன, கோதுமை என்ன? வேண்டாம்னு சொன்னா அபசாரம், மாப்பிள்ளை" என்று மாமியார் தீர்ப்பளித்தார். மேல் முறையீட்டுக்கு மகளை அழைக்கலாமென்றால் அந்த இடத்தில் தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்கவில்லை. இதில் பெருமாளுடைய திருவுள்ளம் இருந்திருக்கலாம்.

என் சொந்த அபிப்பிராயத்தை இங்கே சொல்லிவைக்கிறேன். நம் பெரியோர்கள் விதித்த விரதங்களில் வைத்தியம் இருந்தது என்று இப்போது பலரும் பேசுகிறார்கள், இருந்தது வாஸ்தவம். ஆனால் அவர்கள் மனுஷ சுபாவத்தை அறிந்தவர்களாகையால், ஒவ்வொரு விரதத்துக்கும் கொல்லைப்பக்கம் ஒரு கதவையும் வைத்தே கட்டினார்கள். டாக்டருடைய பத்தியத்துக்குக் கொல்லைக் கதவு கிடையாது. ஆகவேதான் நம்மவர்கள் அந்தப் பத்தியத்தைக் கையோடு கோவிலுக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பிரசாதம் என்ற கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

இதற்குத் திருஷ்டாந்தம் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. கும்பகோணத்தில் தங்கிய நாள் ஏகாதசி, மாமியாருக்கு உபவாசம். உபவாசமாவது யாதெனில், அரிசிச் சோற்றை முற்றாக விலக்கி, அதன் ஸ்தானத்தில் கோதுமை ரவை உப்புமா, இரண்டு வாழைப்பழம், சுண்டக் காய்ச்சிய பால், இடையிடையே அந்த ஊர்க் காப்பி ஆகியவற்றைப் பகவத் ஸ்மரணையோடு ஏற்றுக்கொள்வது. மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் இலையில் விழுந்தாக வேண்டும் என்று, அந்த ஊரில் எங்களுக்கு உறவுமுறையான ஒரு வீட்டில் சொல்லிச் சமைக்கச் செய்தார். இதைக் கேட்டு மகள் தொலைபேசியில் துள்ளிக் குதித்தாள். அவள் எனக்கு அனுப்பிய பட்டியலில் இந்த மூன்றும் இருந்தனவாம். பாட்டியும் பேத்தியும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். உப்புமாவைக் குறித்து இருவரும் மௌனம் சாதித்தார்கள்.

அங்கிருந்து திருநாகேசுவரத்து உப்பிலியப்பன் கோவில் அருகிலேயே இருக்கிறது. துளசியடியில் கண்டெடுத்து வளர்த்த பூமிதேவியை மணம் பேச, மார்க்கண்டேய மகரிஷியிடம் பெருமாள் வயோதிகர் வேஷத்தில் வந்தாரென்றும், "குழந்தைக்கு உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாதே" என்று ரிஷி தயங்க, "உப்பில்லாமலே உண்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தாரென்றும் ஸ்தல புராணம். இன்றுவரை அங்கே மடப்பள்ளியில் உப்பு நுழைவதில்லை. நைவேத்தியம் முழுவதும் உப்பின்றியே தளிகையாகிறது. உப்புக் கலந்த பண்டத்தைச் சந்நிதிக்குள் கொண்டு போகலாகாது என்று மாமியார் தம் புளிக்காய்ச்சல் பாட்டிலை வேன் ஓட்டுநரின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் மன்றாடுகிறது. அந்த ஐந்தையும் தள்ளிவிட்ட ஒரு தெய்வத்தை, டாக்டர்கள் தங்கள் வாசலில் படமாக மாட்டி வைக்காதது எனக்கு ஆச்சரியம்தான். வயோதிகராக வந்தவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்திருக்குமோ என்று நான் மைத்துனனிடம் கிசுகிசுத்தது மனைவியின் செவியை எட்டிவிட்டது. அவள் கோபிக்கவில்லை. "லோகத்தையே ஆளுகிற பெருமாள் பெண்டாட்டிக்காக உப்பை விட்டாரு. உங்க உடம்புக்காக நீங்க ஒரு ஊறுகாயை விட முடியலே" என்றாள். இத்தனை சந்நிதிகளில் கேட்ட உபதேசங்களுள் என்னை வாயடைக்கச் செய்தது இதுதான்.

அழகர்கோவிலில் கறுப்பு உளுந்தைத் தோலோடு அரைத்து நெய்யில் முழுகவிட்ட தோசை பிரசாதம். நீதிமன்றத்துக்கு அன்று விடுமுறை.

பழனி அடிவாரத்தில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளுக்கு நடுவே இறங்கினோம். படிகள் 693, யானைப் பாதை சற்றே சாய்வாக, ஆனால் நீளமாகப் போகிறது, உட்கார்ந்தபடியே மேலே போக வின்ச்சும் ரோப் காரும் இருக்கின்றன. மைத்துனன் மாமியாருக்குத் துணையாக வின்ச்சில் போவதாகத் தியாகபுத்தியோடு முன்வந்தான். எனக்கு மட்டும் படிதான் என்று மனைவி விதித்தாள்: ஏறினால் சர்க்கரை குறையும், குறைந்த இடத்தில் பஞ்சாமிர்தத்தை வரவு வைத்துக்கொள்ளலாம், கணக்கு நேராகிவிடும். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சென்றடைந்தபோது மைத்துனன் டப்பாவும் கையுமாக வரவேற்றான். ஏறாமலே அவன் வரவு வைத்துக்கொண்டது உதட்டில் பளபளத்தது.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், போதாததற்குப் பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேருகின்றன. ஒரு சொட்டு ஜலம் சேர்வதில்லை. இந்தப் பட்டியலில் சர்க்கரையின் அதிகாரத்துக்கு உட்படாதவை நெய்யும் ஏலக்காயும்தான். அவற்றுள் நெய், கொலஸ்டிரால் என்னும் வேறொரு இலாகாவைச் சேர்ந்தது. வள்ளி தினைப்புனம் காத்தவள், முருகனுக்கு உகந்தது தேனும் தினைமாவும் என்றிருக்க, ஒரு சிறுதானியக் கடவுளை இந்த நிலைக்கு நாம் கொண்டுவந்துவிட்டோமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். மாமியார் விடவில்லை. மூலவரைப் போகர் நவபாஷாணத்தால் செய்தாரென்பது ஐதீகம். அந்தத் திருமேனியில் பட்டு வழிந்தது மருந்து. மருந்தைச் சாப்பிட டாக்டரிடம் எதற்காக அனுமதி? பால் பொங்கும் அபிஷேகத்தையும், அதற்குப் பின் வந்த இராஜ அலங்காரத்தையும் கண்ட பிறகு, வாதாடும் உத்தேசம் எனக்கும் இல்லாமற் போய்விட்டது.

அடுத்த சராசரியைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அது மறுபடியும் தலை தூக்கியிருந்தது. "வேண்டுதலைக் குறையில்லாமத் தீர்த்துட்டோமே டாக்டர், அப்புறம் ஏன் ஏறுச்சு?" என்று மனைவி மனம் நொந்து கேட்டாள். என்ன வேண்டுதல் என்று டாக்டர் விசாரித்தார். காஞ்சீபுரம் தொடங்கி ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். இப்போது இறங்கினால் திருப்பதிக்கு வருவதாக வேண்டிக்கொள்ளப் போவதாக அவள் அறிவித்ததும் மாத்திரம் சற்றுக் கலவரமடைந்தார்.

"வேண்டிக்கிறதை நான் தடுக்கலைம்மா. ஆனா இந்தத் தடவை லட்டுப் பக்கம் போகாம, முடி காணிக்கைன்னு வேண்டிக்குங்க. அதில் சர்க்கரை இல்லை, உப்பு இல்லை, கொழுப்பும் இல்லை."

என் மனைவி திரும்பி என் தலையை ஒரு கணம் மதிப்பிட்டுப் பார்த்தாள்.

"அதுக்கு அங்கே அவ்வளவு கையிருப்பு இல்லையே, டாக்டர்" என்றாள்.