சர்க்கரைத் தண்ணீருக்கு வந்த கொத்தனார்

கே: ஹம்மிங் பேர்டுக்கென்று ஆன்லைனில் வாங்கிய சிவப்புக் குடுவையில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தோட்டத்தில் தொங்கவிட்டேன். அது வரவே இல்லை. தங்க முதுகும் சிவப்புக் கொண்டையுமாக ஒரு மரங்கொத்திதான் வந்து நக்கிவிட்டுப் போகிறது. குடுவையில் கோளாறா?
– வாசகி, ஒரகடம்

ப: குடுவை சரி, முகவரிதான் தப்பு. ஹம்மிங் பேர்டில் முந்நூறுக்கும் மேல் வகை உண்டு. அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களோடு சரி. கொரியா, ஜப்பான், ஜெர்மனிக் கம்பெனியெல்லாம் வந்திறங்கிய வட்டாரம்தான் நம்முடையது. ஆனால் சிப்காட் எத்தனை சலுகை அறிவித்தாலும் இந்தப் பார்ட்டி வராது. வந்தவர் உள்ளூர்க்காரர், பொன்முதுகு மரங்கொத்தி. நன்றாகக் கவனியுங்கள்.

கே: மரங்கொத்தி புழு பூச்சி தின்கிற ஜாதி. அடுத்தவன் தேனில் அதற்கென்ன வேலை?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

ப: எறும்பும் வண்டுப் புழுவும் அதற்குச் சோறு. பூந்தேன், பழம் எல்லாம் பாயசம். அரிசோனா பக்கம் கிலா மரங்கொத்தி என்று ஒன்று, ஹம்மிங் பேர்டுக்கு வைத்த குடுவையைக் கூசாமல் காலி செய்யும். நாக்கோ, மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றி வரும் எலும்புத் தாங்கலோடு கூடிய நீள நாக்கு. ஹம்மிங் பேர்டுக்கும் அதே ஏற்பாடுதான்.

திருட்டுக் கேஸ் போடுமுன் எதிர்த்தரப்பையும் கேளுங்கள். வட அமெரிக்காவில் மரத்தில் வரிசையாகத் துளை போட்டு, கசியும் சாற்றைக் குடிக்கிற மரங்கொத்திகள் உண்டு. வசந்தத் தொடக்கத்தில், பூ மலருமுன்னே வந்து சேரும் ஹம்மிங் பேர்டுகள் அந்தத் துளைகளில்தான் வயிறு கழுவுகின்றன. கணக்கைக் கூட்டிப் பார்த்தால் மரங்கொத்திக்குத்தான் பாக்கி வரவேண்டும்.

கே: நைட் ஷிப்ட் முடிந்து படுத்தால் ஜன்னலோரத் தென்னையில் டொக் டொக். அதற்குத் தலை வலிக்காதா?
– வாசகர், சுங்குவார்சத்திரம்

ப: உங்களுக்கு மட்டும்தான் வலிக்கும். அதன் மண்டை ஒரு ஷாக் அப்சார்பர் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தார் கொத்துவதை அதிவேக வீடியோவில் பிடித்து அலசி, 2022-ல் அதை மறுத்தார்கள். மண்டை சுத்தியல் போல விறைப்பாகவே இறங்குகிறதாம். அதிர்வை உறிஞ்சினால் அடி வீணாகுமே! மூளை சின்னதாக இருப்பதால் பிழைக்கிறது. (சின்ன மூளையால் பிழைப்பவர் பட்டியலை இங்கே தர இடமில்லை.)

கே: அப்படியானால் குடுவையை என்ன செய்ய?
– மீண்டும் ஒரகடம் வாசகி

ப: கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். நம் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் புளிக்கும், எறும்பும் படையெடுக்கும். செம்பருத்தியும் கல்யாண முருங்கையும் வையுங்கள், தேன்சிட்டு தானாக வரும். பட்டுப்போன மரம் ஆபத்தில்லாமல் நின்றால் விட்டுவையுங்கள். மரங்கொத்தி குடைந்து குடியேறட்டும், வாடகை கேட்காதீர்கள்.

கே: அந்திப் பூவருகே அந்தரத்தில் நின்று தேன் குடித்த ஹம்மிங் பேர்டை என் கண்ணால் பார்த்தேனே!
– வாசகர், வல்லக்கோட்டை

ப: கண்ணில் குறையில்லை, பார்த்தது அந்துப்பூச்சி. இறக்கை தெரியாத வேகத்தில் அடித்து, நீளக் குழலை நீட்டிக் குடிக்கும் வகை அது. அடுத்த முறை தலையைப் பாருங்கள், இரண்டு உணர்கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். கொம்பு முளைத்த பறவையைப் பார்த்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.