38 கணக்கா, 46 கணக்கா?

முப்பத்தாறு வருடம் ஊரார் வாய்க்குள் குனிந்து பார்த்தே காலம் தள்ளியவன் நான். பாளையங்கோட்டையில் கிளினிக்கைச் சாத்திவிட்டு வீட்டோடு உட்கார்ந்த முதல் வாரமே கை துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது. பிடுங்குவதற்கு ஒன்றும் கிடைக்காமல் தோட்டத்தில் இறங்கிக் களை பிடுங்கினேன். களையோடு என் மனைவி போட்டிருந்த சிறுகீரைப் பாத்தியும் வேரோடு வந்துவிட்டது. வேரை முறிக்காமல் எடுத்திருக்கிறேன், தொழில் சுத்தம் என்று நான் சொன்னதை அவள் ரசிக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்குக் கைக்கு ஏதாவது வேலை வேணும். ஆனா உயிருள்ளது எதையும் தொடாதீங்க" என்றாள்.

மரக்கப்பல் செய்வது என்று முடிவு செய்தேன்.

பலகையெல்லாம் வெட்டிப் பெட்டியில் போட்டு விற்கும் கப்பல்கள் உண்டு. அதை ஒட்டிச் சேர்ப்பது கடையில் மாவு வாங்கி இட்லி ஊற்றுவது மாதிரி. நான் உளுந்து விதைப்பதிலிருந்து தொடங்குகிற ஆள். வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விலாச்சட்டத்தையும் ஒவ்வொரு பலகையையும் நானே அறுத்துச் செய்வேன் என்று அறிவித்தேன். அறிவிப்புக்குச் செலவில்லை.

எந்தக் கப்பல்? இந்தப் பித்துப் பிடித்தவர்கள் முதலில் கை வைப்பது நெல்சனின் விக்டரியில். டிரஃபால்கர் சண்டையில் அதில் 104 பீரங்கிகள். 104 வாய்கள் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதை இனியும் தாங்க எனக்குத் தெம்பில்லை. அப்போதுதான் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி கண்ணில் பட்டது. திருகோணமலை என்ற பெயர் வெள்ளைக்காரன் பல்லில் மாட்டிச் சிதைந்த வடிவம் அது. 1782-இல் அந்தத் துறைமுகத்துக்கு அப்பால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட சண்டையின் நினைவாக வைத்த பெயர். அந்தச் சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சண்டைகளைப் போலத்தான் என்பதால் உடனே ஒரு பாசம் வந்துவிட்டது.

கப்பலும் நம் பக்கத்துக் கப்பல். நெப்போலியனோடு போட்ட சண்டைகளுக்குக் கப்பல் கட்டிக் கட்டி இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிப்போக, பம்பாய்க்கு வேலையை அனுப்பினார்கள். மலபார் தேக்கில், பார்சி வம்சத்துக் கப்பல் மேஸ்திரி ஜம்ஷெட்ஜி பொம்மன்ஜி வாடியா கட்டியது. ஓக் மரத்தில் உள்ள துவர்ப்பு இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் இருப்பது எண்ணெய். அதனால் 1817-இல் தண்ணீரில் இறங்கிய கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்லிபூல் துறைமுகத்தில் மிதக்கிறது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இன்னும் மிதந்துகொண்டிருப்பவற்றில் இதுதான் மூத்தது.

2015-இல் வேலையைத் தொடங்கினேன். 2017 அக்டோபர் 12-ஆம் தேதி அந்தக் கப்பலுக்கு இருநூறு வயது. அன்றைக்கு என் கப்பலும் தயார் என்று சொன்னேன். மனைவி காலண்டரில் குறித்துக்கொண்டாள். அவள் எதைக் குறித்துக்கொண்டாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முதல் இடி வரைபடத்தில் விழுந்தது. 72-இல் ஒரு பங்கு அளவில் பெரிய தாளில் அச்செடுத்து வைத்திருந்தேன். ஐப்பசி மழை. பேரன் லீவுக்கு வந்திருந்தான். தெருவில் முழங்கால் தண்ணீர். நான் மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்து வந்தால், அவன் வாசலில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறான். என் வரைபடம் தெருமுனையில் போய்க்கொண்டிருக்கிறது. "தாத்தா, நீங்க வச்சிருந்த கப்பல் பேப்பர்ல கப்பல் பண்ணிட்டேன்!" நான் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்த தாளில் அவன் இரண்டு நிமிடத்தில் கப்பலை முடித்து வெள்ளோட்டமும் விட்டுவிட்டான். சாக்கடை வளைவில் அது மூழ்கியது.

எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் சரித்திரம் என் பக்கம் இருந்தது. டிரிங்கோமலியின் வரைபடத்தை 1812-இல் ஜாவா என்ற கப்பலில் ஏற்றித்தான் பம்பாய்க்கு அனுப்பினார்கள். பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்கர்களின் கான்ஸ்டிடியூஷன் என்ற கப்பல் அதை மடக்கி அடித்து நொறுக்கியது. ஜாவாவோடு வரைபடமும் போச்சு. இன்னொரு பிரதி வந்து சேர்ந்து, வேலை தொடங்கும்போது 1816. இதை மனைவியிடம் விளக்கி, "பார், அசலுக்கே இப்படித்தான் நடந்திருக்கு" என்றேன். "அவங்க வரைபடம் கடல்ல போச்சு, உங்களுது சாக்கடையில போச்சு" என்றாள்.

அடுத்து மரம். அசல் தேக்கு என்றால் நகலும் தேக்கு என்று, இடித்த வீட்டு நிலைச்சட்டம் ஒன்றைப் பழைய மரக்கடையில் வாங்கி வந்தேன். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பலகைகளை இழைத்துத் தளம் முழுக்க ஒட்டி முடித்து, பெருமையாக லென்ஸ் வைத்துப் பார்த்தால் பகீரென்றது. தேக்கின் நரம்பும் துளையும் பெரிசு. கதவில் அது அழகு. 72-இல் ஒரு பங்கு கப்பலில் ஒரு மில்லிமீட்டர் துளை என்பது நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர் பள்ளம். மாலுமிகளின் கால் மாட்டிக்கொள்ளும். தளம் முழுக்க ஒரே சொத்தை. மரத்தைச் சிறிதாக்கலாம், மரத்தின் ரேகையைச் சிறிதாக்க முடியாது என்பது எனக்கு ஆறு மாத உழைப்புக்குப் பிறகு தெரிந்தது. எங்கள் தெரு ஆசாரிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"அப்பவே சொல்லிருக்கலாமே?"

"டாக்டரு சார், நான் பல் வலின்னு வந்தப்ப நீங்க எந்தப் பல்லுன்னு என்னைக் கேட்டா பிடுங்குனீங்க?"

அவர்தான் வழியும் சொன்னார். அம்பாசமுத்திரத்தில் செப்புச் சாமான் கடைகிறவர்கள் பிடிக்கிற மஞ்சள்கடம்பு. ரேகை தெரியாது, உளிக்கு வெண்ணெய் மாதிரி வரும். குழந்தைகள் வைத்து விளையாடும் மர அடுப்பும் பானையும் செய்கிற மரத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் எழுந்தது. தேக்குக்கு மரியாதையாக அடியில் ஓடும் ஏராவை மட்டும் தேக்கிலேயே வைத்தேன்.

ஏரா போடும்போது அதில் ஒரு வெள்ளி ஆணி அடிப்பது பார்சிகளின் சடங்கு. வாடியாவும் அடித்தார். வீட்டில் வெள்ளி என்று நான் வாயெடுத்ததுமே மனைவி பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பரவாயில்லை, வெள்ளி என்னிடமே இருந்தது. பழைய டிரில்லை எடுத்து ஏராவில் ஒரு குழி தோண்டி, சுத்தம் செய்து, பல்லுக்கு அடைக்கிற வெள்ளிக் கலவையைக் குழைத்து அடைத்து மெருகேற்றினேன். "ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் கடிக்கக் கூடாது" என்று கப்பலைப் பார்த்து வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழக்கதோஷம்.

பலகைகளை வளைக்க ஆவி வேண்டும். இட்லிக் கொப்பரையை விட நல்ல ஆவிப்பெட்டி உலகில் கிடையாது. பத்து நிமிடம் வேகவைத்து, சூடாக எடுத்து, அணியத்தின் வளைவில் பதித்து, துணி கிளிப் போட்டு இறுக்கிவிட்டால் மறுநாள் அந்த வளைவிலேயே நிற்கும். கொடியில் காய்ந்த என் வேட்டி கிளிப் இல்லாமல் மூன்றாம் வீட்டு முருங்கை மரத்துக்குப் போனதும், அந்த வார இட்லியில் மரக்கடை வாசம் வந்ததும் வேறு கதை.

இனி பீரங்கிக் கணக்கு. டிரிங்கோமலி 38 பீரங்கிக் கப்பல் என்றுதான் படித்திருந்தேன். பார்த்தால், மேல்தளத்தில் இருக்கும் குட்டையான கரோனேடு வகையைப் பெரும்பாலும் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்களாம். 1817-இல் கணக்கு முறையை மாற்றினார்கள். கப்பல் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. ஒரு பீரங்கிகூடக் கூடவில்லை. காகிதத்தில் 38 என்பது 46 ஆகிவிட்டது. எனக்கு வயிற்றெரிச்சல், எட்டு கூடுதலாகச் செய்ய வேண்டுமே! பெரிய பீரங்கி ஒவ்வொன்றும் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மெழுகில் செதுக்கி, பல்லுக்கு கேப் வார்க்கிற அதே முறையில் வார்க்க எனக்குத் தெரிந்த பல் லேபுக்கு எடுத்துப் போனேன். "பேஷண்டு மனுசன்தானா டாக்டர்?" என்று கேட்டார் லேப்காரர்.

செலவு பற்றி மனைவி கேட்டபோது நாலாயிரம் என்றேன். என் டைரி அவள் கையில் கிடைக்கும் வரை அது நாலாயிரமாகவே இருந்தது. பசை, நூல், பித்தளைக் கம்பி, ரம்பம், லேப் கூலி, வரைபடம் இரண்டாம் தடவை என்று கூட்டிப்பார்த்து, பதினோராயிரத்து முந்நூறு என்று வாசித்தாள். மரம் மட்டும்தான் பீரங்கி, மற்றதெல்லாம் கரோனேடு, கணக்கில் வராது என்று 1817-க்கு முந்திய சட்டத்தை எடுத்துச் சொன்னேன். அது நான் செய்த தவறு. அன்றிலிருந்து வீட்டில் அது ஒரு பழமொழியாகிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரனாகிய நான் கல்யாண வீட்டிலிருந்து வந்து ஒரு ஜிலேபிதான் சாப்பிட்டேன் என்றால், "38 கணக்கா, 46 கணக்கா?" என்பாள். நான் நடைப்பயிற்சியில் நான்கு கிலோமீட்டர் நடந்தேன் என்றாலும் அதே கேள்விதான்.

2017 அக்டோபர் 12 வந்து போனது. என் கப்பலுக்கு அன்று அமரம் இல்லை, பாய்மரம் இல்லை, ஒரு பக்கம் விலாவும் இல்லை. நான் மீண்டும் சரித்திரத்தைத் துணைக்கழைத்தேன். அசல் கப்பல் 1819-இல் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தபோது நெப்போலியன் சண்டையே முடிந்திருந்தது. பயன் இல்லையென்று ஓரங்கட்டிவிட்டார்கள். 1845-இல்தான் மறுபடி கை வைத்தார்கள். இருபத்தாறு வருடம் சும்மா கிடந்த கப்பலுக்கு ஒன்றிரண்டு வருடத் தாமதம் ஒரு தாமதமா?

"அது கட்டி முடிச்சுட்டு சும்மா கிடந்துச்சு. நீங்க சும்மா கிடந்துட்டுக் கட்டப் போறேங்குறீங்க. அதுவும் போக, அந்த வாடியா எத்தனை மாசத்துல கட்டினாரு?"

1816 சித்திரை, வைகாசி வாக்கில் ஏரா போட்டு, 1817 புரட்டாசியில் கடலில் தள்ளிவிட்டார். ஒன்றரை வருடம். 150 அடிக்கு நிஜக் கப்பல். நான் 64 சென்டிமீட்டர் உடம்புக்கு ஒன்பது வருடம் எடுத்தேன். இந்தக் கணக்கை அவளிடம் சொல்லாமல் மறைக்கத்தான் பார்த்தேன்.

அந்த ஒன்பதில் ஒன்றரை வருடத்தை முடிச்சுகள் தின்றன. பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளின் குறுக்கே, மாலுமி ஏறுவதற்கு ஏணிப்படி மாதிரிக் கயிறு கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. குறுக்குக் கயிறு நெடுங்கயிற்றைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிச்சு. நூலில் தேன்மெழுகு தடவி, சாமணத்தால் பிடித்து, பின்னால் விட்டு, சுற்றி, அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். கூட இழுத்தால் நெடுங்கயிறு வளைந்து கப்பலுக்கு இடுப்பு வந்துவிடும். ஏறக்குறைய 1,900 முடிச்சு. என் கல்யாணத்தில் மூன்றோடு விட்டுவிட்டார்கள் என்பதை நினைத்துக் கண்ணில் நீர் வந்தது.

முகப்பில் நிற்கும் சிலை தலைப்பாகை கட்டிய ஒரு மனிதர். கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும் அந்த முகத்தைப் பல் குடையும் பர்ரால் ஒரு வாரம் செதுக்கினேன். பேரன் பார்த்துவிட்டு, "இவருக்கு ஏன் தாத்தா பல் வலி?" என்றான். முகத்தில் அப்படி ஒரு வேதனை. எனக்குப் பழக்கமான முகம் அது ஒன்றுதானே.

எல்லாம் முடிந்து கடைசியாகக் குண்டுகள். 18 பவுண்டு குண்டின் குறுக்களவு ஐந்து அங்குலம். நம் அளவில் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சைக்கிள் கடைக்காரர் எங்கிருந்தோ இரண்டு மில்லிமீட்டர் பால்ரஸ் வரவழைத்துக் கொடுத்தார். சூடுகாட்டிக் கறுப்பேற்றி, ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, ஆறட்டும் என்று சமையலறை ஜன்னலில் வைத்தேன்.

மறுநாள் காலை ரவா உப்புமா. அடுக்களையிலிருந்து, "என்ன கடுகு இது, எவ்வளவு நேரமானாலும் பொரியவே மாட்டேங்குது!" என்று குரல் வந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று பதிலுக்கு ஒரு பழமொழி வீசினேன். தட்டு வந்தது. இரண்டாம் வாய். கடக்.

முப்பத்தாறு வருடம் பிறர் வாயில் கேட்ட சத்தம். எந்தப் பல், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. வலது கீழ், முதல் கடைவாய்ப் பல். அந்த அசல் கப்பல் தன் ஆயுளில் பெரிய கடற்சண்டை எதையும் பார்த்ததில்லை. அது வைத்திருந்த கடனை என் கப்பல் தீர்த்துவிட்டது, அதுவும் கட்டியவனையே குறிபார்த்து.

என்னிடம் தொழில் பழகிய பையன்தான் இப்போது ஊரில் பெரிய பல் டாக்டர். நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, பல்லை ராவி அளவெடுத்தான். கேப் வார்க்க அளவு அதே லேபுக்குத்தான் போகிறது. அதே மெழுகு, அதே உலை. என் வாய்க்குள் 47-ஆவது வார்ப்பு.

வெளியே வந்தேன். பெஞ்சில் மனைவி என் டைரியை மடியில் விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஏங்க, கேப் செலவை எதுல எழுத? 38-லயா, 46-லயா?"

நல்ல பதில் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வாய் மரத்துப் போயிருந்தது.