முதலில் குமிழைத் திருகுங்கள்!

கேள்வி: பல வருடம் புல்லட் ஓட்டிவிட்டு இப்போது கவாசாகி நிஞ்சா 1000எஸ்எக்ஸ் வாங்கியிருக்கிறேன். வண்டி இன்னும் கைக்குள் வரவில்லை. ஈசியூவை ரீமேப் செய்து, சைலன்சரையும் மாற்றினால் சரியாகிவிடுமா?

- வாசகர், கோவை

பதில்: 1043 சிசி, நாலு சிலிண்டர், 140 குதிரைத்திறன். இதற்கு மேலும் சக்தியை ஏற்றினால் கைக்குள் வராது, கையை மீறித்தான் போகும்!

டியூனிங்கை உங்கள் எடையிலிருந்து தொடங்குங்கள். ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறி உட்காரும்போது சஸ்பென்ஷன் சுமார் 30-35 மில்லிமீட்டர் அமுங்கினால் போதும். பின்பக்கம் அதிகம் அமுங்கினால் பிரீலோடு குமிழைக் கையாலேயே முறுக்கலாம், ஸ்பானர் வேண்டாம். மனைவியும் பெட்டிகளும் ஏறினால் இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள். டயர் சூடாகும் முன்பே காற்றைப் பாருங்கள்: முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ. பிரேக் லீவரை விரலுக்கு எட்டும்படி வையுங்கள். பழகும்வரை ரோடு மோடு. மழை வந்தால் ரெயின் மோடு. அதில் சக்தி குறையும், டிராக்‌ஷன் கன்ட்ரோலின் கவனிப்பு கூடும்.

இத்தனைக்கும் செலவு காற்றடிக்கும் காசுதான். ரீமேப்புக்கு எடுத்துவைத்த பணத்தில் நல்ல ரைடிங் பயிற்சி வகுப்பில் சேருங்கள். ஓட்டுகிறவர் தேறினால் வண்டி தானாகத் தேறும்!