ஒழுக்கமுள்ள கார்

பெரியப்பாவின் அம்பாசிடர் மார்க் 2-க்கு ரேடியேட்டர் ஒழுகுகிறது. எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் பின்னால் ஐந்து நிமிடம் ஊர்ந்தால் போதும், பானட்டுக்குள் பொங்கல் பொங்கிவிடும். குலவைதான் பாக்கி.

இன்றைய கார்களில் ரேடியேட்டர் டேங்க் பிளாஸ்டிக். விரிசல் விட்டால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம். என்ன நாகரிகம்! பெரியப்பாவுடையதோ பித்தளை டேங்க். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இன்னும் ஒரு தலைமுறை ஓடுமாம். இவ்வளவு பேராசை ஆகாது.

முதலுதவியாக ஒரு பிடி மஞ்சள்தூள் போட்டுப் பார்த்தார். ஒழுகல் அரைநாள் நின்றது. வண்டியில் ரச வாசனை.

அரசும் பழமையைப் போற்றத்தான் செய்கிறது. 2021 விதிப்படி, 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத காருக்கு 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' எழுத்தோடு தனி நம்பர். கௌரவத்துக்கு விலை பார்க்கலாமா? பெரியப்பாவும் கட்டிவிட்டார். ஒரு நிபந்தனை, அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்கு மட்டும் ரோட்டுக்கு வரலாம்.

எறையூரில் ஏது கார் கண்காட்சி? பெரியப்பா யோசித்தார். பெரம்பலூர் பட்டறையில் ஈயம் உருகும் நேரம் பார்த்து மெக்கானிக்கின் காதருகே குனிந்தார்.

"தம்பி, கீழ் டேங்க்ல ஒரே ஒரு ஊசி ஓட்டை மட்டும் விட்டுடுப்பா. அடுத்த வாரம் பொண்ணு வீட்டுக்குப் போகணும்."