39 ஏக்கர் வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம், சென்னை.

பொருள்: ஏற்காட்டில் இரவு நேரத்தில் ஒரு வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரை இயக்கக் காப்பித் தோட்டம் ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

மனுதாரர் மாண்பமை வாரியத்தின் முன் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில், அவர் மின்கிதார் வாசித்து அதை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய விரும்புபவர். அதற்கென, பழைய ரேடியோப் பெட்டிகளுக்குள் தணல்போல் ஒளிர்ந்த கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்தவர். இவ்வால்வுகள் அளவோடு இயங்கும்வரை சாதுவாக ஒலித்து, தம் திறனின் எல்லைக்குத் தள்ளப்படும்போதுதான் கிதார் கலைஞர்கள் நாடும் கரகரப்பைத் தருகின்றன என்பதால், சத்தத்தைக் குறைத்தால் சுவையும் குறைந்துவிடுகிறது.

சிறிய கருவியை வாங்கினால் தீராதா என்று வாரியம் வினவக்கூடும். திறன் பத்தில் ஒரு பங்கானால்தான் சத்தம் ஏறத்தாழ பாதியானதாகச் செவி ஒப்புக்கொள்கிறது. ஆகவே 100 வாட்டைத் துறந்து 10 வாட்டுக்கு இறங்குபவரின் தியாகத்துக்குக் கிடைப்பது பாதிச் சலுகையே. ஒரே வாட்டில், ஒரு மீட்டர் தொலைவில், 97 டெசிபல் முழங்கும் ஸ்பீக்கர்கள் கிதார் உலகில் சாதாரணம்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என வரம்பிட்டு, தனியார் ஒலிக்கருவி தன் இடத்தின் எல்லையில் அவ்வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டலாகாது என்கின்றன. தொலைவு இரட்டிக்கும்தோறும் ஒலி 6 டெசிபல் தணியும் என்ற பாடநூல் கணக்கில், சுவரையும் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களையும் மறந்துவிட்டால், 97 டெசிபல் 50ஆக அடங்க 224 மீட்டர் வேண்டும். அந்த ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 39 ஏக்கர். ஐந்து வாட் கருவிக்கு அது 195 ஏக்கராகிறது. 1820களில், ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் டேவிட் காக்பர்ன், தம்மை அறியாமலேயே, இவ்விதிக்கு உட்பட்டு இரவில் கிதார் வாசிக்கத் தகுதியுள்ள ஒரே வர்க்கத்தை உருவாக்கிச் சென்றிருக்கிறார்.

அதே விதிகள், வழிபாட்டுத் தலத்தைச் சுற்றிய 100 மீட்டரையும் அமைதி மண்டலமாக அறிவிக்க இடம்வைத்து, அப்படி அறிவித்த இடத்தில் இரவுக்கு 40 டெசிபலே அளித்துவிட்டு, விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்வரை நள்ளிரவு வரை ஒலிபெருக்கியை அனுமதிக்க மாநில அரசுக்கு இடம் தருகின்றன. விழா எடுக்கத் தெய்வமோ கட்சியோ இல்லாத மனுதாரர் எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது என்பது விளங்கவில்லை.

லோடு பாக்ஸ் என்றொரு மாற்று உண்டு. அது ஸ்பீக்கருக்குப் பதிலாக நின்று ஆம்ப்ளிஃபயரின் திறனை வாங்கி வெப்பமாக்கிவிட்டு, சமிக்ஞையை மட்டும் கணினிக்கு அனுப்பும் பெட்டி. சுமை ஏதுமின்றி வால்வு ஆம்ப்ளிஃபயரை இயக்கினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகக்கூடும் என்பதால் அப்பெட்டி தேவைப்படுகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் அவ்வெப்பம் வீண்போகாது. மேலும், மைக்கே இல்லாத இப்பதிவில் எதிரே போடப்படும் விழாப் பந்தலின் கூம்பு ஒலிபெருக்கி புகாது. அதாவது, ஊரை மனுதாரரிடமிருந்து காக்க வாங்கும் பெட்டி மனுதாரரை ஊரிடமிருந்து காக்கும்.

ஆகவே வாரியம் 39 ஏக்கரை ஒதுக்கித் தரவோ, அது இயலாதெனில் அப்பந்தலுக்கும் ஒரு லோடு பாக்ஸ் வழங்கவோ ஆணையிடுமாறு மனுதாரர் வேண்டுகிறார்.

இணைப்பு: 224 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வரைபடம், மூன்று பிரதிகள்.